திருமானூரில் இறங்க வேண்டியவர்

அரியலூர் பஸ் நிலையத்துக்கு வந்துபோகிற யாருக்கும் அய்யம்பெருமாளின் குரல் தெரியும். முகம் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாடிப்படிக்கு அடியில், நின்றால் தலை இடிக்கிற ஒரு அறை. அதற்குள் ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபையர், தண்ணீர்ச் செம்பு, அவர். விளம்பரக் கம்பெனிக்காரர்கள் வாடகைக்குப் பிடித்த அறை அது. ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, பல்பொடி என்று வாசிப்பார். நடுநடுவே, "தஞ்சாவூர் செல்லும் பயணிகள் கவனத்திற்கு. கீழப்பழூர், திருமானூர் வழியாகச் செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்பார். எந்த வண்டி எப்போது கிளம்பும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அவர் மட்டும் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை.

அவருடைய மனைவி ஆண்டாயிக்கு இளைப்பு. எழுபத்தாறாம் வருஷம் மூச்சு முட்டிப்போய், தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். கீழப்பழூர் தாண்டியதும் அவள் அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். பல ராத்திரி தூங்காதவள் இப்போதாவது கண்ணயர்கிறாளே என்று தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வெயில் அவள் முகத்தில் விழாமல் துண்டை மறைத்துப் பிடித்தார். தஞ்சாவூரில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் எழுப்பிப் பார்த்தார். எப்போது போனாள் என்று இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு பஸ் படியில் கால் வைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். உள்ளங்கை நனைந்துவிடும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், இதோ சாகப்போகிறோம் என்று தோன்றும். இறங்கிவிட்டால் சரியாகிவிடும். பஸ் நிலையத்தில் பிழைக்கிறவனுக்கு பஸ்ஸைக் கண்டால் பயம் என்று யாரிடம் சொல்வது? சொல்லவில்லை.

ஒரே மகள் மலர்க்கொடியைத் திருமானூரில் கட்டிக்கொடுத்திருந்தார். கல்யாணம் அரியலூரிலேயே நடந்தது, பிழைத்தார். பிள்ளைப்பேறு புகுந்த வீட்டில். போகவில்லை. புதுவீடு புகுந்தார்கள். போகவில்லை. வேலை விடவில்லை, காய்ச்சல் என்று ஏதாவது சொல்லி அனுப்புவார். கட்டிக்கொடுத்ததோடு கை கழுவிவிட்டார் என்று சம்பந்தி வீட்டில் பேசிக்கொண்டார்கள். அதுவும் காதுக்கு வந்தது.

எண்பத்து நாலாம் வருஷம் ஆவணியில் மாப்பிள்ளை பழனிவேல் நேரில் வந்து நின்றான்.

"பாப்பாவுக்குக் காது குத்துறோம் மாமா. மலர்க்கொடிக்குத்தான் கூடப்பொறந்தவன் இல்லியே. தாய்மாமன் மடிக்கு எங்க போறது? அதனால உங்க மடியிலதான் உக்கார வெச்சிக் குத்தணும்னு ஒத்தக் காலுல நிக்கிறா."

"வந்துடறேன் மாப்ள."

"இந்தத் தடவையும் காய்ச்சல் கீய்ச்சல்னு சொல்லிடாதீங்க. எங்க பெரியப்பா மவன் மடி ஒண்ணு ரெடியா இருக்கு. அதுல உக்கார வெச்சாங்கன்னா அவ மனசு வுட்டுப் போயிடும், ஆமா."

மறுநாள் அய்யம்பெருமாள் டாக்டரைப் பார்க்கப் போனார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனுஷரிடம் பஸ் பயத்தைச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. இது பலருக்கும் இருக்கிற வியாதிதான் என்றார். சின்ன மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்து, ராத்திரியில் பாதி, பிரயாண நாளன்று மட்டும் காலையில் பாதி என்றார்.

"வேற மருந்து எதுனா சாப்புடுறீங்களா?"

"ஒண்ணுமில்லீங்க சார்."

அவர் பொய் சொல்லவில்லை. ஆண்டாயி போனதிலிருந்து தூக்கம் வராமல், நாட்டு மருந்துக்கடையில் அமுக்கராக் கிழங்கும் சடாமாஞ்சிலும் இடித்த பொடி வாங்கி, பாலில் போட்டுக் குடித்துவந்தார். அது அவர் கணக்கில் மருந்தே இல்லை. பாலில் கலக்கிற சுக்கு போல, கஞ்சிக்குக் கடித்துக்கொள்கிற வெங்காயம் போல, அது பாட்டுக்கு உள்ளே போகிற ஆகாரம். மருந்து என்றால் டாக்டர் கொடுப்பது, ஊசியும் மாத்திரையும்தான்.

டீக்கடைக் கண்ணையன் மாத்திரையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இங்கிலீஷ் மருந்து சூடாச்சே அண்ணே. ஒடம்பு காந்திப்புடும். கூடவே குளிர்ச்சியா எதுனா சாப்புடணும்."

"பால்ல பொடி போட்டுக் குடிக்கிறேன்ல?"

"அப்பறம் என்ன, அதையே இன்னொரு கரண்டி சேத்துப் போடு. சூடும் குளிர்ச்சியும் சரியாப் போயிடும்."

ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

காதுகுத்து நாள். முந்தின ராத்திரி படபடப்பில் கண்ணே மூடவில்லை. விடிந்ததும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பாப்பாவுக்கு எடுத்த பட்டுப் பாவாடையையும் தோட்டையும் பையில் வைத்தார். பாதி மாத்திரை போதுமா என்று சந்தேகம் வந்தது. முழுசாகப் போட்டுக்கொண்டார். முழு மாத்திரைக்கு சூடும் கூடுதலாயிற்றே என்று பாலில் இரண்டு கரண்டிப் பொடியைக் கரைத்துக் குடித்தார்.

தஞ்சாவூர் வண்டி வந்தது. அன்றைக்கு மைக்கில் யாரும் அதை அறிவிக்கவில்லை. படியில் கால் வைத்தார். நெஞ்சு எங்கோ தூரத்தில், யார் வீட்டுக் கதவையோ தட்டுவது மாதிரி தட்டியது. உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா. முகூர்த்த நாள், நிற்க இடமில்லாத கூட்டம். வண்டி நகர்ந்தது. பயம் வரவில்லை. எட்டு வருஷம் கழித்து, புளியமரங்கள் பின்னால் ஓடுவதைப் பார்த்தார். சிரிப்புக்கூட வந்தது. பாப்பா மடியில் உட்கார்ந்து கத்துவதை, மலர்க்கொடி பக்கத்தில் நின்று அழுதுகொண்டே சிரிப்பதை நினைத்துப் பார்த்தார்.

"யோவ் பெரியவரே! எழுந்திருங்க, வண்டி செட்டுக்குப் போவுது!"

கண்டக்டர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். வண்டி காலி. வெளியே தஞ்சாவூர் பஸ் நிலையம். எந்த சீட்டில், எந்த இடத்தில் ஆண்டாயியை எழுப்பினாரோ, ஏறக்குறைய அதே இடத்தில் வெயில் விழுந்து கிடந்தது.

"திருமானூர்... திருமானூர் போயிடுச்சா?"

"திருமானூரா! அது போயி எவ்ளோ நேரமாச்சு. நான் பின்னாடி கூட்டத்துல மாட்டிக்கிட்டு தொண்ட கிழியக் கத்துனேனே. பக்கத்துல பூக்கார அம்மா இருந்துச்சே, அது எழுப்பலியா? நல்ல தூக்கத்துல இருக்காரு பாவம்னு எங்கிட்ட சொல்லிட்டு எறங்குச்சு." கண்டக்டர் குனிந்து மோந்து பார்த்தான். "தண்ணி வாடையும் இல்ல."

"எம் பேத்திக்குக் காதுகுத்துங்க. அடுத்த வண்டி எப்ப?"

அந்தக் குரலைக் கேட்டதும் கண்டக்டர் நிமிர்ந்தான். "நீங்க அரியலூர் பஸ் ஸ்டாண்டு மைக்கா சார்?"

ஆமாம் என்று தலையாட்டினார். அவ்வளவு பெரிய ஊரில் அவரைத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவனுக்கும் அவர் பெயர் தெரியாது. திரும்பிப் போகிற வண்டியில் அவனே இடம் பிடித்துக் கொடுத்தான். இந்த முறை நெஞ்சு பக்கத்திலேயே வந்து அடித்தது. முன்சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார். கொள்ளிடத்துப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோது, செத்தாலும் சரி, தூங்கக் கூடாது என்று நினைத்தார்.

போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கால் பின்னியது. நாக்கு தடித்து, பேச்சு குழறியது. பந்தலில் யாரோ சொன்னார்கள், காதில் விழட்டும் என்றே சொன்னார்கள்: "மடி தரவேண்டியவரு ஃபுல்லா வந்துருக்காரு பாரு."

பாப்பா காதில் மஞ்சளோடு, அழுது ஓய்ந்து, பழனிவேலின் பெரியப்பா மகன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் கை நீட்டினார். அந்த ஆள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். "இப்பத்தான் தூங்குச்சுங்க" என்றான்.

மலர்க்கொடி இலை போட்டுச் சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். கடைசியில்தான் வாயைத் திறந்தாள்.

"ஆசாரிக்கு அடுத்த ஊர்ல வேல இருந்துச்சுப்பா. அப்படியும் நிறுத்தி வெச்சிருந்தேன். எங்கப்பா தஞ்சாவூர் வண்டியிலதான் வருவாருன்னு அந்த வண்டி வரைக்கும் நிறுத்தி வெச்சிருந்தேன். வண்டி நின்னுச்சு, போயிடுச்சு."

அவர் மாத்திரையைச் சொல்லவில்லை, பொடியைச் சொல்லவில்லை. சொன்னால் ஆண்டாயி இறந்த நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பந்தலில் ஆள் இருந்தார்கள். பட்டுப் பாவாடைப் பையை வைத்துவிட்டு, பழனிவேலின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்.

"நீங்க குடிக்கிறவரு இல்லேன்னு எனக்குத் தெரியும் மாமா" என்றான் பழனிவேல்.

டாக்டரிடம்தான் எல்லாவற்றையும் கொட்டினார். பொடியைப் பொட்டலத்தோடு கொண்டுபோய் மேசையில் வைத்தார். டாக்டர் மோந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அன்னிக்குக் கேட்டேனே அய்யா, வேற மருந்து உண்டான்னு."

"இது மருந்துன்னு நெனைக்கலீங்க. மாத்திரைச் சூட்டுக்குக் குளிர்ச்சியா இருக்கட்டும்னு..."

"சூடும் இல்ல, குளிர்ச்சியும் இல்ல. மாத்திரையும் தூங்க வைக்கும், இந்தப் பொடியும் தூங்க வைக்கும். ரெண்டும் சேந்து ஒரே பக்கமா இழுத்திருக்கு. மாத்திரையும் நான் சொன்னதுக்கு மேல போட்டிருக்கீங்க. நீங்க எழுந்திரிச்சதே பெரிசு." பொட்டலத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "இனிமே வாயில போடுறது எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லிடணும். சுக்குத் தண்ணியா இருந்தாலும் சரி."

வெளியே வந்தவர் நேரே அறைக்குள் போய் மைக்கைப் போட்டார். ஜவுளிக்கடை விளம்பரத்தை வாசித்தார். தஞ்சாவூர் வண்டி வந்து நின்றது. வழக்கமான வரிகளைச் சொன்னார். சற்று நிறுத்தி, எழுதிக் கொடுக்காத ஒன்றைச் சேர்த்துச் சொன்னார்.

"பக்கத்து இருக்கையில் யாராவது தூங்கினால், எங்கே இறங்க வேண்டும் என்று எழுப்பிக் கேட்டுவிடுங்கள்."

கம்பெனிக்காரர் வந்து, இது என்ன புதுசாக என்று சத்தம் போட்டார். அடுத்த தஞ்சாவூர் வண்டிக்கும் அதையே சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொடி இல்லாமல், பாதி மாத்திரையோடு படி ஏறினார். திருமானூரில் அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளிடம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"எம் பேரு அய்யம்பெருமாள். திருமானூர்ல எம் மவ வூடு. நான் தூங்கிட்டா எழுப்பி வுட்டுடுங்க."