அடுத்த சீசன் என்று சொன்னவர்

கடையில் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது இலஞ்சியிலிருந்து அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினியின் அழைப்பு வந்தது. "அண்ணாச்சி போயிட்டாவ தம்பி. காலையில காப்பி குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சாவ, அவ்வளவுதான். நேத்துகூட ஒங்க கப்பல் சீசனுக்கு நாள் எண்ணிக்கிட்டு இருந்தாவ" என்றார். கண்ணாடியை வந்தவர் கையில் கொடுத்துவிட்டுக் கடையைச் சாத்தினேன். எங்கள் இணைய விளையாட்டில் கப்பல் விற்பனை தொடங்க இன்னும் ஒரு வாரம் இருந்தது.

இசக்கிப்பாண்டி அண்ணாச்சியை, எங்களோடு அந்த விளையாட்டை ஆடும் உங்களில் பலர் நேரில் பார்த்ததில்லை. உங்களுக்கு அவர் விண்வெளியில் கேட்ட ஒரு குரல்; அதைவிட, ஒரு விசில் சத்தம். எனக்கு அவர் தென்காசியிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய மனிதர். காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பல சீசன்களில் குற்றாலத்து அருவிக்கரையில் காவலுக்கு நின்றவர். முழங்கால் வலி அவரை வீட்டோடு உட்காரவைத்த பிறகுதான், மகன் விட்டுப்போன கணினி வழியாக இந்த விளையாட்டுக்குள் வந்தார்.

அவருடைய உறவினர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் விவரம் சொல்லிவிடுகிறேன். உலகமெங்கும் உள்ளவர்கள் இணையத்தில் சேர்ந்து ஆடும் விண்வெளி விளையாட்டு இது. ஆண்டுக்கொரு முறை அதற்குள்ளேயே ஒரு கண்காட்சிக் கூடம் திறப்பார்கள். விண்கப்பல்கள் வரிசையாக நிற்கும். எதையும் இரண்டு நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். சொந்தமாக வேண்டுமென்றால் உண்மைப் பணம் கட்ட வேண்டும். மூலையில் ஒரு கடிகாரம் 'இன்னும் இத்தனை மணி நேரம்தான்' என்று நெஞ்சைப் படபடக்க வைக்கும். அதில் மயங்கிப் பர்ஸைத் திறந்தவர்களில் நானும் ஒருவன்.

அவர் எங்களோடு சேர்ந்த முதல் ஆண்டு, கடைசி மணி நேரத்தில் ஒரு போர்க்கப்பலை வாங்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே விரல் வைத்தேன். காதுக்குள் விசில் அலறியது. பணிக்காலத்து விசிலை மைக்கில் ஊதியிருக்கிறார். ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன். மறுபடி மாட்டியதும் நிதானமாகச் சொன்னார்: "கையை எடும்வே. கூட்டம் முண்டுதுன்னு நீரும் முண்டுவீரா? அருவி எங்கயும் போயிராது. அடுத்த சீசன்லயும் விழும்." அருவியில் தண்ணீர் கூடும்போது 'இன்னும் அஞ்சு நிமிஷம் சார்' என்று கெஞ்சுகிறவர்களிடம் காட்டிய அதே கண்டிப்பு. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் கடைசி மணி நேரத்தில் அவர் ஊதுவார். எங்கள் குழுவில் இருந்த ஆலங்குளம் தங்கராஜும் வாசுதேவநல்லூர் செல்வி டீச்சரும் நானும் முணுமுணுத்துக்கொண்டே கூடத்தைவிட்டு வெளியேறுவோம்.

அவர் ஆசைப்பட்டது ஒரே ஒரு கப்பலுக்குத்தான். சண்டைக்கு உதவாத, பார்க்கவும் லட்சணமில்லாத மீட்புக் கப்பல். முன்னால் ஓட்ட ஒருவர், பின்னால் அடிபட்டவரைத் தூக்கிப் படுக்கவைக்க ஒருவர். இலவசமாகக் கிடைக்கும் அந்த இரண்டு நாளும் அவர் முன்னால், நான் பின்னால். எரிபொருள் தீர்ந்து நடுவழியில் நிற்கிறவர்கள், கப்பல் உடைந்து தவிக்கிறவர்கள் என்று முன்பின் தெரியாதவர்களை எல்லாம் ஏற்றி வருவோம். ஒருநாள் அவராகவே சொன்னார்: "ஒரு சீசன்ல வெள்ளம் திடுதிப்புன்னு வந்துட்டு. எல்லாரையும் கரையேத்திட்டோம், ஒருத்தன் கைமட்டும் எட்டல. இந்த வெளையாட்டுல பாரும், யாரையும் விட்டுட்டு வர வேண்டியதில்ல." அவர் அடுத்த உதவி அழைப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்.

சென்ற ஆண்டு நாங்கள் மூவரும் சேர்ந்து அந்தக் கப்பலை அவருக்கு வாங்கிக்கொடுக்க முடிவு செய்தோம். கடைசி நேரத்தில் செல்வி டீச்சர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். உடனே விசில். "எனக்கு எதுக்கு டீச்சர் இப்ப? அடுத்த சீசன்ல பாப்போம்." வற்புறுத்தியிருக்கலாம். நான் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொல்கிறேன், விலை கொஞ்சம் கூடுதல் என்பதால் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் என்மேலேயே வெறுப்பு வருகிறது.

துக்கம் கேட்கப் போனபோது மதினி, கறுப்புக் கயிற்றில் கோத்த அந்த விசிலை என் கையில் வைத்தார். "இதை ஊதிக்கிட்டுத்தான் அந்தப் பெட்டி முன்னால கெடப்பாவ. நீங்களே வச்சிக்கிடுங்க தம்பி."

அடுத்த சீசன் வந்தது. அவர்தான் இல்லை. விற்பனையின் கடைசி மணி நேரத்தில் நாங்கள் மூவரும் மீட்புக் கப்பலின் முன்னால் போய் நின்றோம். "சார், நேரமாவுது. அண்ணாச்சி விசிலை நீங்க ஊதுங்க" என்றார் டீச்சர். விசிலை வாயில் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

"அண்ணாச்சி சொன்னத இந்த ஒரு தடவ கேக்க வேண்டாம் டீச்சர்" என்றேன். மூவருமாகச் சேர்ந்து அந்தக் கப்பலை வாங்கினோம்.

விசில் என்னிடம் இருக்கிறது. ஊதுவதில்லை. கப்பலின் பின் இருக்கையும் என்னுடையதுதான். முன்னால் உட்கார எனக்கு மனம் வரவில்லை, டீச்சர் ஓட்டுகிறார். யாராவது உதவி கேட்டால் போகிறோம். இதுவரை ஒருவரையும் விட்டுவிட்டு வரவில்லை, அண்ணாச்சி.