பத்திரத்தில் இல்லாத வில்லங்கம்

அரியலூரில் ஏரிக்கரையோரம் மனை வாங்கியபோது, வில்லங்கச் சான்றிதழை என் கணவர் வரி விடாமல் படித்தார். பத்திரம் சுத்தமாக இருந்தது. அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று மட்டும் நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை.

ஏரித் தண்ணீரை வைத்தே வீட்டைக் கட்டி முடித்தோம். போர் போட்டு மோட்டார் மாட்டியது, 2003இல் புதுமனை புகுவிழாவுக்கு முதல் நாள்தான். விடியற்காலையில் பால் காய்ச்சி, போர் தண்ணீரில் டிகாக்‌ஷன் இறக்கிக் காபி கொடுத்தேன். திருமானூரிலிருந்து வந்த பெரியம்மா ஒரு வாய் குடித்ததும் வாசலிலேயே துப்பினார்.

“ஏண்டி, மண்ணெண்ணெயிலயா காபி போட்ட?”

வெளிச்சத்தில் வாளியைப் பார்த்தேன். தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் ஆடை படர்ந்திருந்தது. விரலை விட்டால் பிசுபிசுத்தது. அதில்தான் இருட்டோடு பல் துலக்கி வாய் கொப்பளித்திருந்தேன்; பற்பசை வாசனையில் எதுவும் தெரியவில்லை.

எதிர் டீக்கடைக்காரரிடம் ஓடினோம்.

“இது லாரி சர்வீஸ் ஸ்டேஷன் இருந்த எடம்! பழைய ஆயிலைக் குழி வெட்டி ஊத்துவாங்க. டீசல் டேங்க்கைக்கூட எடுக்காம மண்ணப் போட்டு மூடிட்டாங்க.”

“முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாங்க?”

“மனை பாக்க வந்தப்ப எங்கடையிலதான் டீ குடிச்சீங்க. நீங்க கேக்கலையேம்மா.”

போன மாதம் தங்கைக்குக் குரும்பலூரில் மனை பார்த்தோம். புரோக்கர் பத்திரத்தை நீட்டினார். நான் வாங்கவில்லை. கடப்பாரையால் குழி தோண்டச் சொல்லி, ஈரமண்ணை அள்ளி மோந்து பார்த்தேன். புரோக்கர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போவது அவர் இல்லையே!