முதலில் புள்ளிதான் வரும்!

போன ஞாயிற்றுக்கிழமை ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு டிவி, வீடியோ டெக், ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனேன். பதுளையில் கடை வைத்து இவற்றை வாடகைக்கு விடுவதுதான் என் பிழைப்பு என்பது உங்களுக்குத் தெரியும். படம் போடப் போனேன். அங்கே எல்லாருக்கும் நான் 'நானா' – முஸ்லிம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இந்த முறை கூடவே இன்னொரு பெட்டியும் வந்தது – கம்ப்யூட்டர். சவூதியிலிருந்து மச்சான் கொண்டுவந்தது. டிவியில் மாட்டினால் கார் ரேஸ் விளையாடலாம். கூடவே ஒரு புத்தகம்... அதைப் படித்தால் நாமே விளையாட்டு எழுதலாமாம்! நான் நாலு பக்கம் புரட்டிவிட்டு மூடி வைத்தேன்.

மறுபடி அதைத் திறந்தவள் செல்வி. அந்தத் தோட்டத்துப் பெண். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். பல மாதமாகச் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி என் கடைக்கு வந்து அந்தப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறாள்.

அவள் அப்பா முனியாண்டி பொறுமை இழந்துவிட்டார். மகளுக்குக் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்துவிடுவது என்று முடிவு. அதற்கு முன் அவள் செய்த விளையாட்டை எல்லாரும் பார்க்கட்டும், நன்றாக இருந்தால் யோசிக்கலாம் என்றார். லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டார். வந்தவர்கள் என்ன எதிர்பார்த்திருப்பார்கள்? கார் ரேஸைத்தான்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நிற்க இடமில்லை. அவள் விளையாட்டைப் பதிந்து வைத்திருந்த கேசட் கம்ப்யூட்டரில் கீச்சிட்டு ஓய்ந்தது. திரையில் மேலிருந்து ஒரு புள்ளி விழுந்தது. அது கொழுந்தாம். கீழே ஒரு சின்னக் கோடு. அது கூடை. பட்டனை அமுக்கினால் கூடை நகர்ந்து கொழுந்தைப் பிடிக்கும்... அவ்வளவுதான்.

அதுவும் ஓரத்துக்குப் போனதும் கூடை காணாமல் போய், எல்லாம் அப்படியே நின்றுவிட்டது.

"கூடையத் தூக்கிக்கிட்டு ஓடிட்டாய்யா," என்றது ஒரு குரல். ஒரே சிரிப்பு. படத்தைப் போடச் சொல்லிச் சத்தம்.

முனியாண்டியின் முகம் செத்துவிட்டது. "இதுக்கா புள்ள இத்தன நாளா பஸ் ஏறுன?"

செல்வி திரும்பி அவரைப் பார்த்தாள். "ஆமாங்கப்பா. இதுக்குத்தான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். ஓரம் வந்தால் நில் என்று அந்தக் கூடைக்கு அவள்தான் சொல்ல வேண்டும். ஒரு வரி அடித்தாள், தப்பு. அழித்தாள். மறுபடி அடித்தாள். கூட்டம் என்னைப் பார்த்துக் கத்தியது. அவள் முடிக்காமல் படம் கிடையாது என்று நானும் கத்தினேன். எனக்கு அவ்வளவு கோபம்.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் கிளாஸ் விளம்பரம் செய்கிறவர்கள், சேர்ந்த கையோடு நீங்களே விளையாட்டு செய்யலாம் என்று ஆசை காட்டுகிறார்கள். நம்பாதீர்கள். கார் ரேஸ் வராது. முதலில் புள்ளிதான் வரும் – அதுவும் பாதியில் நின்று மானத்தை வாங்கும். அதற்காக வெட்கப்படுவானேன்? கார் ரேஸ் ஓட்டுகிறவன் வேறு யாரோ எழுதியதை ஓட்டுகிறான். அங்கே சிரித்தவர்களில் ஒருவருக்காவது ஒரு புள்ளியை நகர்த்தத் தெரியுமா? பெட்டிக்குச் சொந்தக்காரன், எனக்கே தெரியாது!

கடைசியில் கூடை ஓரம் வரை போனது. நின்றது. திரும்பி வந்தது.

ஒருவரும் கைதட்டவில்லை. முனியாண்டி மட்டும் எழுந்து வந்து, எதை அமுக்க வேண்டும் என்று மகளிடம் கேட்டார். அமுக்கினார். கொழுந்து தவறியது. மறுபடி அமுக்கினார். மறுபடியும் தவறியது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே என்னிடம் சொன்னார்:

"பேரு பதியிறத அப்புறம் பாத்துக்குவோம், நானா. சனிக்கெழம வருவா."

கடையில் இருப்பது ஒரே டிவி. சனிக்கிழமைதான் அதற்கு நல்ல கிராக்கி; இத்தனை நாளும் அது வாடகைக்குப் போகாத நேரம்தான் செல்விக்குக் கிடைத்தது. கல்யாண வீட்டார், கோயில் கமிட்டியார், கிளப்காரர்கள் எல்லாரும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள் – இனி சனிக்கிழமைகளில் என் டிவி வாடகைக்குக் கிடையாது.