எல்லாக் கேள்விக்கும் விடை சொன்னவர்

மூத்த பேத்தி ரொறன்ரோவில் மருந்தாளர் படிப்பை முதலாம் தரத்தில் முடித்துவிட்டாள். அவளுக்கு இளையவன் அங்கேயே சதுரங்கப் போட்டியில் கிண்ணம் எடுத்திருக்கிறான். மகளின் பெரியவன் பேராதனையில் பொறியியல் இரண்டாம் வருடம். கடைக்குட்டிக்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் அவள் பள்ளிக்கூடத்திலேயே கூடிய புள்ளி; நான் படிப்பை விட்டதும் அதே ஐந்தாம் வகுப்பில்தான். இவ்வளவையும் கட்டுகஸ்தோட்டை வீட்டு மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டு பரீதாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "மாஷா அல்லாஹ். எல்லாம் அந்தத் தபால் கந்தோர் மாமாட மூளதான் அக்கா" என்றாள் அவள். அப்போதுதான் உள்ளே தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியில் இருந்து மருமகன் பேசினார்.

"மாமி, சித்தப்பா போயிட்டார். காலமை ஆறு மணிக்கு."

மதிலடிக்குத் திரும்பிப் போனேன்.  என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பரீதா கேற்றைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

குலசேகரம் என் கணவரின் தம்பி; எனக்குக் குலம் தம்பி. வடமராட்சியில் பிறந்து, பத்தொன்பது வயதில் உத்தியோகத்துக்காகக் கண்டிக்கு வந்தவர். தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கும் பகுதியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். கல்யாணம் முடிக்கவில்லை. எங்களோடுதான் இருந்தார். அவரோடு வேலை செய்தவர்களும் அவரைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் இந்த ஏட்டை வாசிக்கிறீர்கள் என்று மருமகன் சொன்னார். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

அவருக்குக் கேள்வி வாசிப்பவள் நான். பழைய கல்யாண அழைப்பிதழ்களை நறுக்கி, ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் எழுதி, ஒரு பிஸ்கட் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார். பின்னேரம் கந்தோரால் வந்து தேத்தண்ணீர் குடித்த கையோடு பெட்டி மேசைக்கு வரும். நான் கீரை ஆய்ந்துகொண்டே ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பேன். நாட்டுப் பெயர், தலைநகரப் பெயர் எல்லாம் என் வாயில் நசிந்துதான் வெளியே வரும். "அண்ணி, நீங்கள் வாசிக்கிற மாதிரி வாசிச்சால் அந்த ஊர் ஆக்களுக்கே தங்கட ஊர் எது எண்டு விளங்காது" என்பார். ஆனால் ஒருநாளும் பாதியில் குறுக்கிட்டதில்லை. நான் வாசித்து முடித்ததும் உள்ளங்கையால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார். அதுதான் மணி. அதற்குப் பிறகுதான் விடை. "கேள்வியை முழுசாக் கேக்க வேணும். பாதி விடை அதுக்குள்ளதான் கிடக்கும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

இனக்கலவரத்தில் எங்கள் பழைய வீடு எரிந்தது. நாங்கள் அக்குறணையில் ஒரு முதலாளியின் கடைக்குப் பின்னால், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நாலு நாள் இருந்தோம். நான் என் தாலிக்கொடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குலம் தம்பி, ஒன்பது கொப்பிகள் போய்விட்டன என்று கண் கலங்கினார். பதினைந்து வருடமாகச் சேர்த்த கேள்விகள். முதலாளிக்கே பொறுக்கவில்லை. "உசிரு தப்பினதே பெரிசு தம்பி, நீங்க என்னா கொப்பிக்கு அழுவுறீங்க?" என்றார். அடுத்த நாள் அதே முதலாளி கணக்கெழுதும் கடைத் துண்டுக் கடதாசிக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து இவர் மடியில் போட்டார். இவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கை வலிக்கிறது என்றால் என் கணவர் எழுதினார். மூன்று மாதத்தில் ஒன்பது கொப்பியும் திரும்பி வந்துவிட்டன. எந்தக் கொப்பியில் எந்தப் பக்கத்தில் மை கொட்டியிருந்தது என்றுகூடச் சொன்னார். ஒரு மனிதனின் தலைக்குள் இவ்வளவு இருக்குமா என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

பிறகு சில வருடம் கழித்துத்தான் தொலைக்காட்சிப் பொது அறிவுப் போட்டி. ஏழு கிழமை தொடர்ந்து வென்றார். கண்டியில் அவரைத் தெரியாத தமிழர் இல்லை என்று ஆனது. சந்தையில் எனக்கு மரக்கறியே மலிவாகக் கிடைத்தது. எட்டாம் கிழமை நானும் கொழும்புக்குப் போய்ச் சபையில் இருந்தேன். யாழ்ப்பாணத்து வடகத்தில் சேர்க்கும் பூ எது என்று கேட்டார்கள். இவர் கையை மேசைக்கு மேலே தூக்கி வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வாய் துடித்தது. நேரம் முடிந்துவிட்டது. வரும் வழியெல்லாம் நான் விடவில்லை. "கிழமைக்கு மூண்டு தரம் தின்னுறீர். வேப்பம்பூ எண்டு தெரியேல்லையோ?"

"தின்னேக்க ஆராவது கேள்வி கேட்டனீங்களே?" என்றார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார்.

என் கணவர் காலமான பிறகுதான் நான் கவனிக்கத் தொடங்கினேன். ஒரு பின்னேரம் நான் கேட்ட கேள்விக்கு, அதற்கு முந்திய கேள்விக்கான விடையைச் சொன்னார். இன்னொரு நாள், சொன்ன விடையையே மூன்று தரம் மேசையில் தட்டிச் சொன்னார். தெல்தெனியவில் நண்பரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், பஸ் நிலையத்திலேயே நாலு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தார். வயது அறுபத்தைந்து. எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பயிற்சி போதவில்லை. துரு ஏறிவிட்டது, தேய்த்தால் போய்விடும். பின்னேரம் ஒரு தரம் வாசித்த அட்டைகளைக் காலையிலும் வாசித்தேன். பிழை விட்டால் திரும்ப வாசித்தேன். அவர் களைத்துப் போய், "இண்டைக்குக் காணும் அண்ணி" என்றாலும் விடமாட்டேன். டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. இவ்வளவு பெரிய மூளைக்கு வருத்தம் வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அந்த நேரத்தில்தான் முன்பு வென்றவர்களை மட்டும் அழைத்து மறுபடி ஒரு போட்டி வைக்கப்போவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். அவர் பெயரில் விண்ணப்பத்தை எழுதித் தபாலில் போட்டது நான். அந்த வெளிச்சத்துக்கும் மணிக்கும் முன்னால் போய் நின்றால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று நம்பினேன். அழைப்புக் கடிதம் வந்தபோது காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "நீங்கள் வாறீங்களோ?" என்று கேட்டார்.

"வாறன்."

"அப்ப சரி."

கொழும்புக்குக் கிட்ட சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு மரமேசை, அதற்குப் பின்னால் கதிரையில் ஒரு ஆமிக்காரன். என் பேரனுக்கு இப்போதுள்ள வயதுதான் இருக்கும். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். பிறந்த இடம் வடமராட்சி. முகவரி கட்டுகஸ்தோட்டை. சிங்களத்தில் சாதாரணமாகத்தான் கேட்டான், எங்கே இருக்கிறீர்கள் என்று.

குலம் தம்பி நிமிர்ந்து நின்றார். உள்ளங்கையால் அந்த மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். பையன் திடுக்கிட்டுத் துவக்கைப் பிடித்தான். இவர் நல்ல சிங்களத்தில், மேடையில் சொல்வதுபோலத் தெளிவாக, தான் பிறந்த ஊரின் பெயரைச் சொன்னார். ஒழுங்கையின் பெயரையும் சொன்னார்.

"அங்கேயிருந்து எப்போது வந்தாய்?"

இரண்டு தட்டு. "நேற்று."

"யாரோடு?"

இரண்டு தட்டு. "அண்ணாவோடு."

"அண்ணா எங்கே?"

"தேத்தண்ணீர் குடிக்கப் போனவர். இப்போது வருவார்."

என் கணவர் செத்து நாலு வருடம். செத்தவரைத் தேடி இரண்டு பேரை அனுப்பினார்கள். அந்த யுத்த நாட்களில் வடக்கிலிருந்து அனுமதியில்லாமல் வந்த ஆள் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். அதை வைத்துக்கொண்டு, "ஐயா, இவருக்கு மறதி, எல்லாம் மறந்துவிடுவார்" என்று அழுதேன். ஒரு அதிகாரி வந்தார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "மறதி என்பதற்கு டொக்டரின் துண்டு ஏதாவது இருக்கிறதா அம்மா?"

என்னிடம் ஒரு துண்டும் இல்லை. கைப்பையில் இருந்தது தொலைக்காட்சிக்காரரின் அழைப்புக் கடிதம் ஒன்றுதான். நாங்கள் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று அதை எடுத்து நீட்டினேன். மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தது. அதிகாரி சிங்களப் பகுதியை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏழு தரம் பொது அறிவுப் போட்டியில் வென்றவருக்குத் தன் வீடு எங்கே என்று தெரியாதா? நீங்கள் யாருக்கு அம்மா கதை விடுகிறீர்கள்?"

 அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

குலம் தம்பியை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது, "அண்ணா வந்தால் இங்கை நிக்கச் சொல்லுங்கோ அண்ணி" என்றார். நான் தனியே கண்டிக்குத் திரும்பி வந்தேன். கணவரின் மரணச் சான்றிதழைத் தேடி எடுத்தேன். கிராம சேவகரிடம் கடிதம் வாங்கினேன். குலம் தம்பியோடு முன்பு கந்தோரில் வேலை செய்த, சிங்களவரான பண்டார மாத்தயாவின் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் தன் மூட்டு வலியையும் பார்க்காமல் என்னோடு கொழும்புக்கு வந்தார். வெளியே விட ஐந்து நாள் ஆகியது. பொலிஸ் பதிவுப் பத்திரத்துக்குப் படம் வேண்டும் என்று, விட்ட கையோடு பக்கத்து ஸ்டூடியோவில் இருத்தி எடுத்தார்கள். ஒரு பிரதி எங்கள் கையிலும் தந்தார்கள்.

"என்ன தம்பி செய்தவை?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"கேள்வி கேட்டவை."  பிறகு என் பக்கம் திரும்பினார். "எல்லாத்துக்கும் விடை சொன்னனான் அண்ணி. ஒண்டையும் விடேல்லை."

வீட்டுக்கு வந்து, போட்டிருந்த சேட்டைக் கழற்றி, கிணற்றடியில் தண்ணீர் வார்த்தபோது முதுகைப் பார்த்தேன். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அந்தப் பிஸ்கட் பெட்டியை அன்றைக்கே அடுப்பில் கவிழ்த்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் அவருக்குக் கேட்டது மூன்றே மூன்று கேள்வி. உங்கள் பெயர் என்ன, எங்கே இருக்கிறீர்கள், என்ன வேலை செய்தீர்கள். காலையும் மாலையும் கேட்டேன். முதலில் கோபம் வந்தது அவருக்கு. "இதெல்லாம் ஒரு கேள்வியே? பாலர் வகுப்புப் பிள்ளையளிட்டைப் போய்க் கேளுங்கோ!" சில நாள் எனக்காகச் சொல்வார். பெயர் சரி. வேலை சரி. இரண்டாவதுக்கு மட்டும் எப்போதும் அந்த ஒழுங்கைதான். கட்டுகஸ்தோட்டை என்ற பெயர் அவர் வாயில் கடைசிவரைக்கும் வரவில்லை. முப்பது வருடம் அந்தப் பெயர் போட்ட கடிதங்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்த கை அது. இந்த முறை டொக்டரிடமும் கொண்டுபோனேன். அவர் ஒரு துண்டு எழுதித் தந்துவிட்டு, இது மாறாது அம்மா, கூடிக்கொண்டுதான் போகும் என்றார். நான் தேய்த்துத் தேய்த்து எடுக்கப் பார்த்தது துரு இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஏழு வருடம் கேற்றுக்கு வெளியே அவரை விடவில்லை. நான் விடவில்லை என்று எழுதுவதுதான் சரி. வீட்டுக்குள்ளே இருந்தார். பிறகு பெயரும் போயிற்று. ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை ஒரு தாதிப் பிள்ளை குனிந்து, "ஐயா, உங்கட பேர் என்ன?" என்று கேட்டது. கட்டில் விளிம்பில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார். பிள்ளை காத்துக்கொண்டு நின்றது. நானும் நின்றேன். அவரும் எங்களைப் போலவே காத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்து அவருடைய உடுப்பைத் தந்தார்கள். சேட்டுப் பைக்குள் ஒரு அட்டை இருந்தது. தப்பித்தவறி வெளியே போய்விட்டால் என்று நான் மூன்று மொழியிலும் முகவரி எழுதுவித்து அவர் பையில் வைத்திருந்த அட்டை. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் அவருடைய கையெழுத்து. எப்போது எழுதினாரோ தெரியாது, எழுத்து நடுங்கியிருந்தது. "அண்ணியைக் கேட்கவும்" என்று எழுதியிருந்தார்.

அவருடையது என்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த அட்டை ஒன்றைத்தான். அந்த விண்ணப்பத்தை யார் போட்டது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கத் தெரியாமல் போய்விட்டார்.

கடைசியாக ஒன்று. முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கப் பிள்ளைகள் படம் கேட்கிறார்கள். எரிந்த வீட்டோடு பழைய படங்கள் போயின. மற்றவை வெளிநாடு போனவர்களோடு எங்கெங்கோ போய்விட்டன. வீட்டில் இருப்பது அந்த ஸ்டூடியோவில் எடுத்தது மட்டும்தான். அதற்குப் பிறகு அவர் கமராவுக்கு முன்னால் இருக்கவே இல்லை. செத்தவீட்டன்று அதைத்தான் பெரிதாக்கிச் சுவரில் வைத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் கும்பிட்டார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இடது கண் வீங்கியிருப்பது பெரிதாக்கினால் இன்னும் நன்றாகத் தெரிகிறது. கந்தோர்ப் பிரிவுபசாரத்திலோ, யாருடைய கல்யாண வீட்டிலோ, தொலைக்காட்சி மேடையிலோ அவர் நிற்கும் வேறு படம் உங்களில் யாரிடமாவது இருந்தால் தபாலில் அனுப்பி வையுங்கள். பின்வரிசையில் நின்றாலும் பரவாயில்லை. கூட்டத்துக்குள் முகம் சின்னதாகத் தெரிந்தாலும் போதும். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுவேன்.