கழுவிய கற்கள்

குழாயின் இணைப்பைத் திறந்ததும் முதலில் ஒன்றும் வராது. பிறகு வெல்லப்பாகைப் போல, ஆனால் கன்னங்கரேலென்று, ஒரு விழுது மெதுவாகத் தொங்கும். விழவும் விழாது, நிற்கவும் நிற்காது. முடி கருகிய வாடை, பினாயில் வாடை, அடியில் எப்போதும் மலத்தின் வாடை. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பின்கட்டில், பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று நான் முதலில் பார்த்தது அதைத்தான். இன்றும் சில நாள் சோறு பிசையும்போது அது கண்ணில் வந்துவிடும். தட்டை நகர்த்தி வைத்துவிடுவேன்.

கேண்டீன், ஹாஸ்டல் கக்கூஸ்களின் கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகு மிஞ்சும் சேற்றைக் காயவைத்து, காற்றைக் குறைத்து உலையில் எரித்தால் எரிவாயு கிடைக்கும். அதை வைத்து இஞ்சின் ஓட்டலாம். ஆனால் வாயுவோடு அந்தக் கறுப்பு விழுது, தார், அதுவும் கிளம்பி வந்து எல்லாவற்றையும் அடைத்துவிடும். அதற்காகத்தான் உலைக்கு அடுத்த கலத்தில் சுட்ட டாலமைட் கற்களை நிரப்பியிருந்தோம். சேலம் பக்கத்திலிருந்து வரும் வெள்ளைக் கல். தணலாகக் காய்ந்திருக்கும் அந்தக் கற்களின் ஊடே போகும்போது தார் உடைந்து அதுவும் வாயுவாகிவிடும். கல் அதற்கு வினையூக்கி. தான் எரிந்து தீராது. மிச்சத் தார் எவ்வளவு என்று மாதிரி எடுத்துப் பார்ப்பது கெமிஸ்டான என் வேலை.

எங்கள் இன்சார்ஜ் சார் திருநெல்வேலிக்காரர். அந்த நாற்றம் அவருக்கு உறைத்ததே இல்லை. உலைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார். நகக்கண்ணில் தார் கறுத்திருக்கும். அதே விரலால் ஊறுகாயைத் தொட்டு நக்குவார். பார்க்கக் கூடாது என்று நினைப்பேன், பார்த்துவிடுவேன். “என்னம்மா மொகத்தச் சுளிக்க? எல்லாம் நம்ம வயித்துல இருந்து வந்ததுதானே” என்று சிரிப்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. நான் மாசமாக இருந்தபோது என்னை உலையின் படிகளில் ஏறவே விட்டதில்லை. ஆனாலும் அவர் பக்கத்தில் வந்தால் எனக்குக் குமட்டியது. அப்படிக் குமட்டுவது மரியாதையில்லை என்று வேறு தோன்றும்.

கற்கள் ஒழுங்காக வேலை செய்த நாட்களில் என் வீடும் ஒழுங்காக நடந்தது. படப்பையில் இருந்த வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு எடுத்தால் மகள் பால் குடிப்பாள். தார் மிகுந்த நாட்களில் சீயக்காய் போட்டாலும் எலுமிச்சை தேய்த்தாலும் முடியிலிருந்து வாடை போகாது. மார்பருகே வந்தவள் மூக்கைச் சுருக்கி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “இன்னாம்மா இது, பெத்தவளப் பாத்து மூஞ்சத் திருப்பிக்கினு கீது கொழந்த” என்பார் மாமியார். குற்றம் சொல்கிறாரா, வருந்துகிறாரா என்று இரவெல்லாம் யோசிப்பேன். வாடைதானா, இல்லை தார் என் ரத்தத்திலேயே இறங்கிவிட்டதா? டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். பாலில் கோளாறு எதுவும் இல்லை, குழந்தை குடிக்காமல் விட்டால் மட்டும் வற்றிவிடும் என்றார். வற்றிவிடும் என்ற அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு!

ஆயுத பூஜை வந்தது. உலையை அணைத்து ஆறவைத்து, தண்ணீர் பீய்ச்சி எல்லாவற்றையும் கழுவினார்கள். கலத்தைத் திறந்து கற்களையும் வெளியே கொட்டச் சொன்னார் சார். சுட்ட கல்லில் தண்ணீர் படக் கூடாது, நீற்றுச் சுண்ணாம்பு மாதிரி பூத்துவிடும் என்றேன். “கல்லக் கழுவக் கூடாதா? கோயில்ல தெனமும் கல்லத்தானம்மா குளுப்பாட்டுதாவ!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே சந்தேகம் வந்து, இன்னொரு முறை சொன்னேன். அதற்குள் குழாயைத் திறந்துவிட்டார்கள். கற்கள் சீறின, ஆவி கிளம்பியது. “இன்னா சார், கல்லு வேவுது!” என்று கத்தினார் பிள்ளைப்பாக்கத்து ஃபிட்டர். கொஞ்ச நேரத்தில் அங்கே கிடந்தது வெள்ளைக் கூழ். அதன் மேல் ஒருவர் பக்தியோடு குங்குமம் வைத்துவிட்டுப் போனார்.

புதுக் கல் வரத் தாமதமாகும் என்றார்கள். அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. உலையை நிறுத்திக் காட்ட சாருக்கு மனமில்லை, கல்லில்லாமலே ஓட்டினார். வாயுவைக் கழுவிய தண்ணீரின் மேல் தார் கறுப்பு எண்ணெயாகத் தொட்டியில் மிதந்தது. மாதிரி எடுக்கும் குழாய் மணிக்கொரு தரம் அடைத்தது. கம்பியால் குத்திக் குத்தி எடுத்தேன். உலையை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். “கொஞ்ச நாளு பொறுத்துக்கம்மா” என்றார். வீட்டில் மகள் என்னைக் கண்டாலே வீறிட்டாள். புட்டிப்பால் குடித்தாள். எனக்குப் பால் குறைந்துகொண்டே வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் விடுப்பு எடுத்தேன்.

ஏன் வரவில்லை என்று கேட்க, ஷிப்ட் முடிந்த கையோடு சார் ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆசையாகக் குழந்தையை வாங்கினார். அவள் நீலம் பாரித்து அழுதாள்.

“ஏன் அழுதா? நாறுதேனா?”

“நாறாம? கக்கூசே எழுந்து வந்தா மாதிரி கீது. கோச்சிக்காத சார்” என்றார் மாமியார்.

சார் சட்டைக் காலரை இழுத்து மோந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அக்குளை மோந்தார். பிறகு சாமி மாடத்திலிருந்த கற்பூரத்தை, கேட்காமலே எடுத்து, மூக்கில் வைத்து இழுத்தார். மறுபடி இழுத்தார். “ஒண்ணுமே தெரியலியே” என்றார், என்னைப் பார்த்து. அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. மறுநாள் உலையை அணைத்துவிட்டார். யார் வந்தால் என்ன, கல் வரும்வரை ஓடாது என்று சொல்லிவிட்டாராம்.

கல் வந்தது. தார் அடங்கியது. ஒரு மாலை குளித்துவிட்டு உட்கார்ந்தபோது மகள் தானாகவே தவழ்ந்து வந்து மடியேறினாள். பற்றிக்கொண்டு உறிஞ்சினாள். ஒன்றும் வரவில்லை. விட்டுவிட்டு, மறுபக்கம் தேடினாள்.

இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். மடியில் இரண்டாவது குழந்தை, வேலையை விட்டாயிற்று. சார் இன்னும் அங்கேதான் இருக்கிறார், மோப்பம் திரும்பவில்லை என்று கேள்வி. அதற்காகக்கூட என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை. மன்னிக்காதது சரியா என்றும் தெரியவில்லை. பால் கொடுக்கும் முன் என் கையை மோந்து பார்க்கிறேன். சோப்பு வாசனைதான். மாமியாரிடமும் நீட்டுகிறேன். அவர் மோந்துவிட்டு, “குடும்மா, பசிக்குது அதுக்கு” என்கிறார்.