என் பாட்டில் ஒரு தப்பு

சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்களுக்குப் பாட்டு வராமல் போவது பெரிய தொல்லையில்லை. வந்த பாட்டை நம்முடையது என்று நம்ப வைப்பதுதான் பெரும்பாடு. இந்த வம்பில் மாட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். நான் மாட்டியது இலங்கை மலைநாட்டில், திம்புள்ள பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலத்தில்.

எந்தப் படம்?

தலவாக்கலைப் புடவைக்கடையில் ரேடியோ கரகரத்து நின்றுபோன நேரம். சீத்தைத் துணியைப் புரட்டிக்கொண்டே என் பாட்டை முணுமுணுத்துவிட்டேன். கடைக்கார நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், தலையாட்டிக் கேட்டார். எந்தப் படம் என்றார். நானே கட்டியது என்றதும் ஆடிய தலை நின்றுவிட்டது.

"அப்புடியா மகள்? ரேடியோவுல வரட்டும், பொறகு நல்ல பாட்டுதான்னு நானும் சொல்றேன்."

வாத்தியாரின் திருத்தம்

கொட்டகலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விழா. ஏற்பாடு செய்தவர் யாழ்ப்பாணத்து வாத்தியார். ஒரு பெண் தான் கட்டிய பாட்டைத் தானே மேடையில் பாடலாம் என்று சொன்ன முதல் மனிதர் அவர். அதனால் அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஒத்திகையில் பாடிக் காட்டினேன்.

விடியுமுன்னே ஒரு தப்பு - மலை
வெளுக்குமுன்னே ஒரு தப்பு

வாத்தியார் முகம் வெளுத்துவிட்டது. "உதென்ன தங்கச்சி, வரிக்கு வரி தப்பு எண்டுறீர்? துரை வாற இடத்தில தோட்டத்தைக் குறை சொல்லலாமோ?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, எங்களைக் கூப்பிடுகிற பறைக்குப் பெயரே தப்புதான். விளக்கிச் சொன்னேன். கேட்டார், யோசித்தார், ஆனாலும் இறங்கவில்லை.

"அப்ப முரசு எண்டு போடும். இல்லாட்டி மேடை இல்லை."

முரசு

மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும்போது முரசு போட்டுப் பாடிப் பார்த்தேன். தாளம் கெடவில்லை, ஆனால் யாரோ எழுதிக் கொடுத்த பாட்டு மாதிரி இருந்தது. பாட்டுக்கென்று தனியாக ஒரு தமிழ் என்னிடம் கிடையாது. கூடை சுமக்கும்போது பேசுகிற தமிழ்தான் பாட்டிலும் வரும். ஆனால் மேடையை விடவும் மனமில்லை. இன்னொரு மேடை எப்போது கிடைக்கும்? இப்படிக் குழம்பிக்கொண்டிருந்தபோது பக்கத்து நிரை பாக்கியம் நிமிர்ந்து பார்த்தாள்.

"முரசா? இங்கன எந்த ராசாடி கெடக்குறாரு?"

விழாவன்று

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை முன் வரிசையில். வாத்தியார் ஓரத்தில் நின்று, நல்லபடி பாடும் என்று கையால் சாடை காட்டினார். வாய் திறக்கும்வரை முரசு என்றுதான் நினைத்திருந்தேன். வந்தது தப்பு. வாத்தியார் தலை குனிந்தார். துரைக்கு ஒன்றும் புரியவில்லை, புன்னகையோடு தாளம் போட்டார். பின்னால் நின்ற சனம் இரண்டாம் வரியிலேயே கைதட்டத் தொடங்கிவிட்டது.

இறங்கி வந்தபோது வாசலில் மாரிமுத்து அண்ணன் நின்றார். எங்கள் தோட்டத்தில் தினமும் தப்பு அடிப்பவர் அவர்தான். என்னைப் பார்த்ததும் கிட்ட வந்தார்.

"விடியக்கால நான் தப்பு அடிச்சா லயத்து வீடெல்லாம் என்னயத் திட்டும் தங்கச்சி. இன்னிக்குத்தான் அதுக்குக் கை தட்டுனாங்க."

வாத்தியார் அதற்குப் பிறகு என்னை எந்த மேடைக்கும் கூப்பிடவில்லை. தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.