திருவெறும்பூர் பட்டறைக்கு ஒரு டிக்கெட்

என் வீட்டுக்காரர் திருவெறும்பூரில் ஒரு லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவர். தை மாதம் தவறிவிட்டார். அவர் சட்டையும் அளவுக் கருவியும் அங்கேயே இருப்பதாக முதலாளி பலமுறை போன் செய்தார். மனம் வரவில்லை. ஆடி பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன். அவர் நின்ற இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

அவர் சொல்வார்: புது வேலை வந்தால் முதல் உருப்படிக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஐந்தாவதுக்கு அரை மணி போதும், அதனால் சின்னதை முதலில் எடுத்துக் கை பழகணும், பெரியதை அப்புறம் தொடணும். நானும் அப்படியே போனேன். முதலில் நாங்கள் சேர்ந்து போய்வரும் ஸ்ரீரங்கம், கடைசியில் பட்டறை.

எங்கள் ஊர் துறையூரில் காலை ஆறரை பஸ். "ரெண்டு திருவானைக்கோவில்" என்றேன்.

"இன்னொருத்தர் எங்கம்மா?" என்றார் கண்டக்டர். ஒரு விரலைக் காட்டினேன்.

ஒன்றரை மணி நேரத்தில் இறங்கி, டவுன் பஸ்ஸில் ஸ்ரீரங்கம். பெண்களுக்கு இலவசம். வருஷம் திரும்பாததால் கோயிலுக்குள் போகவில்லை. வெளியே நின்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு அம்மா மண்டபம் போனேன். வழக்கமான பூக்காரம்மா, "ஐயா வரலையா?" என்றார். தண்ணீர் குடித்த பிறகுதான் "இல்லைங்க" என்று வந்தது.

காந்தி மார்க்கெட்டில் வாழைப்பழக்காரரும் அதையே கேட்டார். "தை மாசம் போயிட்டாருங்க" என்று முழுதாகச் சொல்லிவிட்டேன்.

"ஐயோ! போன தடவை சீப்புக்கு ரெண்டு ரூவா குறைன்னு என்னா சண்டை போட்டாரு!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பட்டறைக்குப் போகும்போது மணி பன்னிரண்டு. அவர் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. புதுப் பையன் நின்றான்.

"ஆரம்பத்துல ஒரு உருப்படிக்கு அரை நாள் எடுத்தான்மா. இப்ப அண்ணன் வேகம் வந்துடுச்சு" என்றார் முதலாளி. நல்ல மனதோடுதான் சொன்னார். சட்டை எங்கே என்று கேட்டேன்.

பையன் திரும்பி, "அண்ணன் போடுற வரிசையிலதாங்க்கா போடுறேன். சின்னது முதல்ல. இல்லாட்டி எனக்கேது வேகம்?" என்றான். அவர் கருவி அவன் கையில் இருந்தது. அதை அவனிடமே விட்டுவிட்டுச் சட்டையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

போனவர் நடமாடிய இடங்களுக்கு இப்படித் தனியாகப் போகிறவர்கள் கஷ்டமான இடத்தைக் கடைசியில் வையுங்கள். பட்டறையில் ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை, அதற்குள் போய்விடுங்கள். கையில் தண்ணீர் இருக்கட்டும்.

திரும்பும்போது, கண்டக்டர் கேட்பதற்குள் "ஒரு துறையூர்" என்றேன். வாய் பழகிவிட்டது. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, இத்தனை சீக்கிரம் பழகியிருக்க வேண்டாமே என்று ஊர் வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.